ஆயுத பூசையன்று வைப்பரையும் மாற்றுவோம்



நம் கடை வாசலில் ஒரு மூட்டை துவரம்பருப்பு வந்து இறங்கினால் நாம் சும்மா விடுவதில்லை. குத்தூசியால் குத்தி மாதிரி எடுக்கிறோம். உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்க்கிறோம். ஒரு பருப்பைக் கடித்தும் பார்க்கிறோம். கிலோவுக்கு ஐம்பது காசு வித்தியாசம் என்றாலும் மூன்று இடத்தில் விலை கேட்காமல் வாங்குவதில்லை. இந்தக் கவனம்தான் நம்மைத் தொழிலில் நிலைநிறுத்தி வைத்திருக்கிறது.

ஆனால் அந்த மூட்டையைச் சுமந்து வரும் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வைப்பர் ரப்பரை நம்மில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருக்கிறோம்? அது கிழிந்திருக்கிறதா, காய்ந்து கட்டையாகி விட்டதா என்று மழை கொட்டும்போதுதான் தெரிகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதைத்தான்.

இவ்வளவு சிறிய பொருளைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வேளச்சேரி, மேடவாக்கம் பகுதிகளில் வியாபாரம் செய்யும் நமக்கு மழை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். சென்னைக்கு ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதே ஏறத்தாழ 140 சென்டிமீட்டர்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அடையாற்றின் கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அடுத்த ஆண்டே டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அதே முடிச்சூரும், வேளச்சேரியும், பள்ளிக்கரணையும் மறுபடி தண்ணீரில் நின்றன. இத்தனை நாட்களிலும் நம் வண்டிகள் ஓடத்தான் செய்தன. பாலும் அரிசியும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டுமே!

விபத்துக்கு விலை என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். நம் பகுதி வணிகர் ஒருவரின் குட்டி யானை, சர்க்கரையும் மைதாவும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வந்துகொண்டிருந்தது. நல்ல மழை. பெருங்களத்தூரை நெருங்கும்போது எதிரே வந்த பேருந்தின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுச் சிதற, ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி நடுத்தடுப்பில் ஏறிச் சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் தம்பிக்கு வலது கை முறிந்தது. உயிர் பிழைத்தது தெய்வாதீனம். சர்க்கரை மூட்டைகள் நனைந்து பாகாகின. மருத்துவச் செலவு, வண்டிப் பழுது, சரக்கு நட்டம், இரண்டு மாதம் மாற்று ஓட்டுநருக்குக் கூலி என்று கணக்குப் பார்த்தபோது அந்த வணிகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நாம் ஆறுதல் சொல்லப் போயிருந்தோம். கட்டுப்போட்ட கையோடு அந்தத் தம்பி சொன்ன ஒரு சொல் இன்னும் காதில் இருக்கிறது: “வைப்பர் சரியில்லைன்னு ரெண்டு தடவை சொன்னேன் அண்ணாச்சி. அடுத்த வாரம் பார்க்கலாம்னாங்க.”

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. கண்ணாடி இரண்டு விநாடி மங்கினால் 22 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஜி.எஸ்.டி. சாலையில் அந்த 22 மீட்டருக்குள் எத்தனை பேர் குறுக்கே நடப்பார்கள் என்பதை நாம் அறிவோம். வேலைக்குப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பூக்கூடைக்காரர்களும் நம் வாடிக்கையாளர்கள்தாம்.

ஒரு சோடி வைப்பர் பிளேடு சில நூறு ரூபாய். பெரும்பாலான சரக்கு வண்டிகளுக்கு அது ஒரு மூட்டை அரிசியின் விலைகூட ஆகாது. குட்டி யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கெடுப்பது மழையல்ல, வெயில்

நம்மில் பலர் வைப்பர் மழையில் ஓடித் தேய்கிறது என்று நினைக்கிறோம். உண்மை வேறு. நம் ஊரில் பெருமழை பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மற்ற மாதங்களில் வைப்பருக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஆனால் அந்தக் காலம் முழுவதும் அது காய்ந்த கண்ணாடிமேல் படுத்துக் கிடக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் நம் தலையே சுடுகிறது. 2003 மே மாதத்தில் சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. வெயிலில் நிற்கும் கண்ணாடியின் சூடு அதற்கும் மேல். இயற்கை ரப்பர் வெயிலிலும், வெயிலின் புற ஊதாக் கதிரிலும், காற்றிலுள்ள ஓசோனிலும் இறுகி, வெடித்து, விளிம்பு மடங்கிப்போகிறது. போதாததற்கு வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகளின் தூசு. ஈஞ்சம்பாக்கம், கோவளம் பக்கம் வியாபாரம் செய்வோருக்கு உப்புக் காற்று வேறு.

ஆகவே “எவ்வளவு மழைக்குத் தாங்கும்?” என்று கடைக்காரரைக் கேட்பதைவிட, “நம் வண்டி மழையில்லாத மாதங்களில் எங்கே நிற்கிறது?” என்று நம்மையே கேட்டுக்கொண்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மழைக்கான வைப்பரை வெயிலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கூரைக்கடியில் நிற்கும் வண்டி, அதிகம் வளைவில்லாத கண்ணாடி என்றால், இரும்புச் சட்டம் போட்ட பழைய மாதிரி பிளேடே போதும். நல்ல ரப்பராக வாங்கி ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். சட்டம் வளையாமல் துருவில்லாமல் இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றும் வசதியும் சிலவற்றில் உண்டு.

கடற்கரை ஓரத்தில் ஓடும் வண்டிக்கும், வளைந்த கண்ணாடியுள்ள வண்டிக்கும் ஃபிளாட் பிளேடு நல்லது. பழைய மாதிரியில் நான்கைந்து இணைப்புகள் இருக்கும். உப்புக் காற்றில் அவை துருப்பிடித்து இறுகினால் ரப்பரின் நடுப்பகுதி கண்ணாடியைத் தொடாது. ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகவே ஒரு பட்டை துடைபடாமல் நிற்கும். ஃபிளாட் பிளேடில் அந்த இணைப்புகள் இல்லை. உள்ளேயிருக்கும் எஃகுப் பட்டையே முழு நீளத்துக்கும் ஒரே சீராக அழுத்தம் கொடுக்கும்.

நாள் முழுவதும் திறந்தவெளியில், மார்க்கெட் வாசலில் வெயிலில் நிற்கும் வண்டி என்றால் சிலிகான் பிளேடு வாங்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் சாதாரண ரப்பரைவிட வெயிலையும் சூட்டையும் நெடுநாள் தாங்கும். ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கண்ணாடியில் அது சரியாக ஓடாது; அதிர்ந்து குதிக்கும். கண்ணாடியை நன்றாகக் கழுவிய பிறகே மாட்ட வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் அளவு. வைப்பர் அங்குலக் கணக்கில் விற்கிறது. பல வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் ஒரு நீளம், மறுபக்கம் ஒரு நீளம். முன்பு மாட்டியிருந்ததே தவறான அளவாக இருக்கக்கூடும். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து வாங்குவதே சரி. நீளம் கூடினால் ஒன்றோடொன்று முட்டும், கண்ணாடி விளிம்பில் இடிக்கும். குறைந்தால் துடைபடாத மூலை விழும்; சாலையோரம் நடப்பவர் அந்த மூலையில்தான் இருப்பார்.

அடுத்து, மாட்டும் கொக்கி. வண்டிக்கு வண்டி அது மாறும். சந்தேகம் இருந்தால் பழைய பிளேடைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்று சொல்லிக் கம்பி வைத்துக் கட்டித் தருவதை ஏற்கக் கூடாது. ஓடும்போது கழன்றால் வெறும் இரும்புக் கை கண்ணாடியைக் கீறிவிடும்.

மூன்றாவது, ரப்பரின் வயது. நாம் பழைய ஸ்டாக்கை முன்னே தள்ளி விற்பவர்கள். மற்றவர்களும் அப்படித்தானே விற்பார்கள்! அலமாரியில் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடையும். விரலால் விளிம்பை மெல்ல வளைத்துப் பார்த்தால் உடனே நிமிர வேண்டும். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் விளிம்பு நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும்.

நான்காவது, போலிச் சரக்கு. இதில் நாம் பேசத் தகுதியுள்ளவர்கள். நம் கடையில் ஒரு சோப்பு, ஒரு தேயிலைப் பாக்கெட் போலியாக வந்துவிட்டால் எவ்வளவு பதறுகிறோம்! பொட்டலத்தின் மேல் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும், புகார் சொல்ல வேண்டிய இடமும் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்வது நமக்கு மனப்பாடம். அது இல்லாமல் விற்று அபராதம் கட்டியவர்களும் நம்மில் உண்டு. அதே சட்டக் கண்ணோடு வைப்பர் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புகழ்பெற்ற பெயரை ஓர் எழுத்து மாற்றி அச்சிட்ட சரக்கை, பாதி விலை என்பதற்காக நாமே வாங்கினால் போலியை எதிர்த்துப் பேச நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனாலும், தாம்பரத்திலேயே வாங்கினாலும், பில் கேட்டு வாங்குவோம். ஜி.எஸ்.டி. கட்டும் வணிகர்களுக்குச் சரக்கு வண்டியின் உதிரிபாகத்துக்கு உள்ளீட்டு வரி வரவும் உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது இல்லை என்றாலும், பில் இருந்தால்தான் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

மாற்றினால் மட்டும் போதாது

புது பிளேடு மாட்டியும் கோடு கோடாக விழுகிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் கண்ணாடியில் இருக்கும். டீசல் புகையின் பிசுக்கு படிந்த கண்ணாடியை ஷாம்பு கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும். பிளேடு குதித்துக் குதித்து ஓடினால் வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அழுத்தமே இல்லை என்றால் கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடியே கீறல் விழுந்திருந்தால் எந்த பிளேடும் உதவாது.

ரப்பர் மிருதுவாகட்டும் என்று மண்ணெண்ணெயோ டீசலோ தடவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அந்தக் காலத்து லாரி ஓட்டுநர்கள் புகையிலையையும் உருளைக்கிழங்கையும் கண்ணாடியில் தேய்ப்பார்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்தோடும் என்பது அதன் பலன். வைப்பர் பழுதான அவசரத்துக்கு அது கைகொடுக்கும், வைப்பருக்கு மாற்றாகாது.

காய்ந்த கண்ணாடியில் தூசியோடு வைப்பரைப் போடக் கூடாது. மணல் காகிதம் தேய்த்தது போல் கண்ணாடி கீறிவிடும், மோட்டாருக்கும் பாரம். முதலில் தண்ணீர் பீய்ச்சி, பிறகே போட வேண்டும். நம் பகுதி போர் தண்ணீரின் உப்பு எப்படிப்பட்டது என்பது குழாயைப் பார்த்தாலே தெரியும். அதே தண்ணீரை ஊற்றினால் பீய்ச்சும் துவாரம் அடைத்துக்கொள்ளும். குடிதண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். மாட்டும் நேரத்தில் கண்ணாடிமேல் ஒரு துணியை மடித்துப் போடுவதும் அவசியம். கை தவறி இரும்புக் கை அறைந்தால் கண்ணாடியே விரிசல் விடும்.

பொறுப்பு யாருடையது?

அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, பனிமழை நாளில் நியூயார்க் நகர டிராம் வண்டியில் பயணம் செய்தார். ஓட்டுநர் வழி தெரியாமல் முன்சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் ஓட்டுவதைக் கண்டார். ஊர் திரும்பி, உள்ளிருந்தே இயக்கும் துடைப்பான் ஒன்றை வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்றார். அதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று சொல்லி நிறுவனத்தார் வாங்க மறுத்தனர். அவருக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. பிற்காலத்தில் வைப்பர் இல்லாத காரே இல்லை என்றாயிற்று. ஓட்டுநரின் கஷ்டம் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பயணியின் கண்ணில் பட்டது. வண்டிக்குச் சொந்தக்காரர்களான நம் கண்ணில் படக் கூடாதா?

சட்டமும் இதைச் சொல்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆவது விதி, முன்கண்ணாடியுள்ள வாகனத்தில் நன்றாக இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. எஃப்.சி.க்குப் போகும் நாளில் மட்டும் புது வைப்பர் மாட்டிவிட்டு, மறுநாள் கழற்றி வேறு வண்டிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிகாரியை ஏமாற்றலாம், மழையை ஏமாற்ற முடியாது.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வைப்பர் விலையை ஓட்டுநர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது நியாயமல்ல. தராசும் எடைக்கல்லும் கடையின் செலவு என்றால் வைப்பரும் கடையின் செலவுதான். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று தெரிந்தால் எந்தத் தம்பி வாய் திறந்து கேட்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு கைத்துணியால் துடைத்து ஓட்டுவான். வாடகை வண்டியில் சரக்கு ஏற்றுகிறவர்களும், ஏற்றுவதற்கு முன் டயரைப் பார்ப்பது போல வைப்பரையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வண்டி அவருடையது என்றாலும் சரக்கு நம்முடையது. பயணத்துக்கு நாமும் பொறுப்பு.

எவ்வளவு நல்ல வைப்பரும் கொட்டுகிற மழையை வெல்லாது. அதிவேகத்தில் ஓடியும் வழி தெரியவில்லை என்றால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுவதே ஒரே வழி. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? “எங்கே இருக்கிறாய்? இன்னும் வரவில்லையா?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் அழைக்கிறோம். மழையில் ஓட்டுநரின் பார்வையை மறைப்பது தண்ணீர் மட்டுமல்ல, நம்முடைய அவசரமும்தான். கோயம்பேட்டிலிருந்து சரக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். ஒரு குடும்பத்தின் விளக்கு அணைந்தால் யார் பொறுத்துக்கொள்வது? “மழை பலமென்றால் நின்று வா தம்பி” என்று புறப்படும்போதே சொல்லி அனுப்புவோம். இதற்குக் காசு செலவில்லை.

நாள் ஒன்றைக் குறித்துக்கொள்வோம்

நல்ல காரியத்துக்கு நாள் வேண்டுமென்றால் ஆயுத பூசையை விடச் சிறந்த நாள் இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. ஆயுத பூசை பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னதாகவே வந்துவிடும். அன்று எப்படியும் வண்டியைக் கழுவுகிறோம். தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் பொட்டு வைக்கிறோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அதோடு வைப்பரையும் புதிதாக மாட்டிவிட்டால் ஆண்டுக் கணக்குத் தானாகவே நினைவில் நிற்கும். சந்தனமும் விபூதியும் வண்டியின் நெற்றியில் இருக்கட்டும், ஓட்டுநர் பார்க்கும் கண்ணாடியில் வேண்டாம். வாழைக்கன்றையும் பார்வையை மறைக்காமல் கட்டுவோம்.

வட்டாரச் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. புரட்டாசி முதல் வாரத்தில் உறுப்பினர்களின் வண்டி மாதிரியையும் அளவையும் எழுதி வாங்கி, மொத்தமாக ஓரிடத்தில் விலை பேசி வாங்கினால் நல்ல சரக்கு நியாயமான விலைக்குக் கிடைக்கும். மொத்த விலை பேசுவது நமக்குக் கைவந்த கலையல்லவா? ஒரு மெக்கானிக்கை வரவழைத்து அன்றே எல்லா வண்டிக்கும் மாட்டியும் விடலாம். செயலாளர்கள் இதை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் கடை வாசலுக்குப் போய் வண்டியின் வைப்பர் ரப்பரை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கட்டையாக இருந்தால் மழைக்காகக் காத்திருக்க வேண்டாம்.